படி கழுவும் கிழமை

இன்று சனிக்கிழமை. கக்கத்தில் இரண்டு ஊன்றுகோல்களோடு காலையில் கதவைத் திறந்தால், படிக்கட்டு முழுக்க எலுமிச்சை வாசம். மரத்து எலுமிச்சை அல்ல. பச்சைப் போத்தலில் வரும் தரை கழுவும் லிக்குயிட்டின் எலுமிச்சை. கீழே இருந்து மாடி மாடியாக ஏறி வந்து என் மூக்கில் நின்றது. படிகள் ஈரமாய் மினுங்கின. இது என் கிழமை, இந்த வாரம் படி என் பொறுப்பு. நான்தான் கழுவ வேண்டும். நான் கழுவவில்லை. என் முழங்காலை வெட்டித் தைத்து விட்டிருக்கிறார்கள். ஒரு படி இறங்குவதென்றால், என்னைக் கட்டிய பாவத்துக்குக் கலா என் பெல்ட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு வருகிறாள், கன்றுக்குட்டியைச் சந்தைக்குக் கூட்டிப் போவது போல. கதவுப்பிடியைத் தடவிப் பார்த்தேன். அதில் தொங்கிய முறைப் பலகையைக் காணவில்லை.

ஒரு கணம், ‘விடமாட்டான் இவன், விடியவே வந்துவிட்டான்’ என்றுதான் நினைத்தேன். பிறகுதான் நினைவு வந்தது, நீ போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது.

மேலுலகத்துக்குத் தபால் போகாதென்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஜெர்மனியில் இவ்வளவு காலம் குடியிருந்தவனுக்கு எதையும் எழுத்தில் கொடுத்தால்தான் கொடுத்த மாதிரி இருக்கிறது. அதோடு கலா மருந்துக்கடைக்குப் போயிருக்கிறாள், பேச ஆளில்லை. பேச ஆளில்லாவிட்டால் எனக்கு வாய் நமநமக்கும் என்பது உனக்குத் தெரியாததா?

உனக்கு ஒரு வியாதி இருந்தது. வயிற்றில் வந்ததைச் சொல்லவில்லை, அது பிறகு வந்தது. முதல் வியாதி, நீ எவரிடமும் எதையும் வாங்கமாட்டாய். மனிதரிடமும் வாங்கமாட்டாய், கடவுளிடமும் வாங்கமாட்டாய். அந்தப் பிடிவாதத்தோடேயே கண்ணை மூடிவிடுவாயோ என்பதுதான் உன் கடைசி வருடத்தில் எனக்கிருந்த பயம். வேலையில் பீட்சா மாவு பிசையும்போதும் அதுதான், ஆற்றுக்கு மேலே ஓடும் தொங்குரயிலில் நின்றுகொண்டு போகும்போதும் அதுதான். அந்தப் பயத்தை இந்த எலுமிச்சை வாசம் திரும்பக் கிளறிவிட்டது.

இந்த வீட்டு வழக்கம் நீ அறியாததல்ல. ஆனாலும் சொல்கிறேன். சொல்லச் சொல்ல நீ பக்கத்தில் இருப்பது போல் இருக்கிறது. வுப்பர்டாலின் மேட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குடித்தனங்கள். லிஃப்ட் இல்லை, நடுவே கல் படிக்கட்டு. அதைக் கழுவ ஆள் வைப்பதில்லை, வீட்டுக்கு ஒரு கிழமை முறை. யார் முறையோ அவர் கதவுப்பிடியில், இக்கிழமை படிக்கட்டு உங்கள் பொறுப்பு என்று எழுதிய சின்ன மரப்பலகை கயிற்றில் தொங்கும். சனிக்கிழமை கழுவி முடித்தவர் அதைக் கழற்றி அடுத்த கதவில் மாட்ட வேண்டும். ஊரில் ஷெல் விழுவதைப் பார்த்தவன் நான். விசாவுக்காக அலுவலகம் அலுவலகமாக நின்றவன். அப்போதெல்லாம் ஓடி ஒளியாதவன், அந்தப் பலகை என் கதவில் ஆடுவதைக் கண்டால் போர்வைக்குள் ஒளிவேன். கீழ்த்தளத்துப் பெக்கர் அம்மா சுட்டுவிரலைக் கைப்பிடியின் அடிப்பக்கத்தில் இழுத்து, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். கலா எங்கள் கல்யாணப் படங்களைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

நாங்கள் இரண்டாம் மாடிக்குக் குடிவந்த புதிதில், மூன்றாம் மாடியில் இருந்த உன்னிடம் ஒரு யோசனை சொன்னேன். ஒரு கிழமை கழுவாமல் விட்டுப் பார்ப்போம், வானமா இடிந்து விழும், எல்லாரும் எல்லாரையும் மன்னித்துவிட்டால் ஒருவருக்கும் வேலை இல்லையே என்றேன். நீ சிரிக்கவில்லை. என் கதவில் இருந்த பலகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னாய்.

“ஊத்தை தானாப் போகாதடா. ஆரோ ஒருத்தர் குனியோணும்.”

அன்றிலிருந்து அந்த ஆரோ ஒருத்தர் நீதான். என் முறையும் உன் முறை. மேல்வீட்டுப் போலந்துக்காரன் முறையும் உன் முறை. சனிக்கிழமை காலை நான் போர்வைக்குள் கிடந்தபடி உன் வாளியின் கைப்பிடி கிணுகிணுக்கும் சத்தத்தைக் கேட்பேன். ‘அண்ணை பாவம், எழும்பிப் போங்கோ’ என்று கலா முழங்கையால் இடிப்பாள். ஓம், எழும்புறன் என்று சொல்லி மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பேன். உலகம் அப்படித்தான் ஓடியது.

பெக்கர் அம்மாவால்தான் அதைப் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் பலகையும் கையுமாக ஏறி வந்து, என் கதவில் அதை மாட்டி, அது ஆடி அடங்கும்வரை நின்றாள். இவருடைய முறையை இவர்தான் செய்ய வேண்டும், இல்லையென்றால் முறை எதற்கு என்று உன்னிடம் கேட்டாள். படி சுத்தமாகத்தானே இருக்கிறது என்றாய் உன் உடைந்த ஜெர்மனில். சுத்தம்தான், ஆனால் நியாயம் இல்லை என்றாள். நான் கதவு இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். தேவநீதியைப் பற்றி நம் பாதிரியார் சுவாமி எத்தனை பிரசங்கம் வைத்தாரோ, எனக்கு அதன் முகம் தெரிந்தது அன்றைக்குத்தான். குட்டையாக வெட்டிய நரைமுடி, நீலப் பூப்போட்ட ஏப்ரன், என்னை நோக்கி நீட்டிய சுட்டுவிரல். நீ அதற்கும் மசியவில்லை. அடுத்த சனிக்கிழமை அவள் எழும்புமுன் கழுவி முடித்தாய், அவ்வளவுதான்.

கொடுப்பதில் இப்படி. வாங்குவதென்று வந்தால் நீ வேறு ஆள். கலா புட்டு அவித்து அனுப்பினால் பாத்திரம் கழுவி வரும், உள்ளே மாம்பழம் இருக்கும். சரி, மாம்பழத்துக்கு மரியாதையாக மீன்குழம்பு போனால், பாத்திரம் திராட்சைக் குலையோடு இறங்கி வரும். ‘இந்த அண்ணைக்குச் சும்மா ஒண்டு குடுக்க ஏலாது, போட்டிக்கு நிக்கிறார்’ என்று கலா சலித்துக்கொள்வாள். எனக்கென்ன நட்டம்? இரண்டு பக்கத்துப் பாத்திரத்தையும் வழித்தது நான்தான்.

கோயிலிலும் நீ அப்படித்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம், ஜெர்மன்காரர் பூசை முடித்துப் போன கோயிலில் நமக்குத் தமிழ்ப் பூசை. சுவாமி வேறு நகரத்தில் இருந்து ரயிலில் வருவார். ரயில் பிந்தினால் பூசை பிந்தும், ஆகையால் பூசை எப்போதும் பிந்தும். நானோ கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் பெற்ற சைவப் பழம். முதலில் கலாவுக்குப் பின்னால் கோயிலுக்குப் போனேன். பிறகு பூசை முடியக் கிடைக்கும் பொரித்த ரோல்ஸுக்குப் பின்னால் போனேன். நீ பிறவிக் கத்தோலிக்கன். செபமாலை சொல்வாய், கதிரை அடுக்குவாய், மைக் இரைந்தால் ஓடிப்போய்த் திருகுவாய். ஆனால் சுவாமி அப்பத்தைக் கையில் எடுத்து, சிலுவையில் உயிர் கொடுத்தவரின் சொல்லாக ‘உங்களுக்காக’ என்று சொல்லும் இடம் நெருங்கும்போது, கடைசி வரிசை வாங்கிலில் இருந்து எழும்பிப் பக்கத்து மண்டபத்துக்குப் போய்விடுவாய். தேத்தண்ணீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்க. சனம் நற்கருணை அப்பம் வாங்கி, பாட்டுப் பாடி, வெளியே வரும்போது பெரிய கேத்தில் ஆவி விட்டுக்கொண்டு நிற்கும். இப்படி ஒரு தொண்டன் கிடைக்க நாங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றது சனம்.

புகழ்ந்த வாயாலேயே கதையும் கட்டியது. அதில் நம் ஆட்களை வெல்ல எந்த நாட்டாராலும் முடியாது. ரோல்ஸ் தட்டுக்குப் பொறுப்பான றெஜினா அக்கா கலாவின் காதில், “அவர் நற்கருணை எடுக்கிறேல்லை, கவனிச்சனீரோ? ஊரில ஒரு கலியாணம் கிடக்காம்” என்றா. இன்னொருவர், நீ வேறு சபைக்குப் போகப் போகிறாய், அதற்கு ஒத்திகை பார்க்கிறாய் என்றார். நான் காதைப் பொத்திக்கொண்டேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். காதைக் கொடுத்தேன், கொஞ்சம் உப்பும் புளியும் சேர்த்து அடுத்தவருக்கும் கொடுத்தேன்.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனில் பன்னிரண்டு ஆண்களை இருத்திச் சுவாமி கால் கழுவுவார். உன்னை அதற்குப் பிடிக்கவே முடியாது. ஒரு வருடம் உன் இடத்தில் என்னை இழுத்து இருத்தினார்கள். சப்பாத்தைக் கழற்றினால், காலுறையில் பெருவிரல் வெளியே வந்து சபையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கலா அந்த வருடம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி எனக்குக் காலுறை வாங்கினாள். நீ சுவாமிக்குப் பின்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். வாளி தூக்க நீ எப்போதும் தயார். கால் நீட்டத்தான் மாட்டாய்.

அதற்கு மறுநாள், பெரிய வெள்ளிப் பின்னேரம், சிலுவைப்பாதை முடிந்து நாங்கள் இரண்டு பேரும் தொங்குரயிலில் வந்துகொண்டிருந்தோம். நான் வழக்கம்போல வாயைக் கொடுத்தேன். அந்த இடத்தில் எழும்பி ஓடுகிறாயே, கொஞ்சம் பிந்திக் கொதித்தால் தண்ணீர் கோபித்துக்கொள்ளுமா என்று கேட்டேன். நீ யன்னலுக்கு வெளியே பார்த்தபடி ரூபனைப் பற்றிச் சொன்னாய்.

உனக்கு ஒரு தம்பி இருந்தான் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வெளிநாட்டுப் பயணம் அவனுக்கென்றுதான் ஒழுங்காகியிருந்தது. புறப்பட வேண்டிய நாளில் அவனுக்குக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சல். ஏஜென்சிக்காரன் ஒரு நாளும் பொறுக்கமாட்டேன் என்று நின்றான். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே முகச்சாயல், கடவுச்சீட்டுப் படத்தைப் பார்த்து எவரும் சந்தேகப்படமாட்டார்கள். “நீ போ அண்ணை, நான் அடுத்த முறை வாறன்” என்று பாயில் கிடந்தபடி ரூபன் சொன்னான். அவன் பெயரில் நீ ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினாய். சில வாரங்களில் இராணுவத்தினர் ஊரைச் சுற்றிவளைத்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். ரூபன் திரும்பவில்லை. உடம்பும் வரவில்லை.

“எனக்காக ஒருத்தன் போனது போதும் மச்சான்” என்றாய். “கோயிலுக்குப் போனா, அங்கையும் ஒருத்தர் உனக்காக, உனக்காக எண்டு நிக்கிறார். என்னாலை அதைக் கேட்டுக்கொண்டு இருக்க ஏலாது.”

கால்களுக்குக் கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போனோம், இரண்டு பேருமே எழும்பவில்லை. நீ ஏன் கல்யாணம் செய்யவில்லை, ஏன் நல்ல சட்டை போடமாட்டாய், ஏன் எல்லார் வீட்டுப் படியையும் கழுவுகிறாய் என்பதெல்லாம், யாரோ திரையை விலக்கிவிட்டது போல ஒன்றாகத் தெரிந்தது. அவன் வாழ வேண்டிய நாட்களை உன் கையில் தந்துவிட்டுப் போனான். நீ அவற்றில் வாழாமல் அவற்றைக் கழுவிக்கொண்டிருந்தாய்.

பிறகு வயிற்றில் அந்த நோய் வந்தது. டொக்டர் சொன்னதை எங்களுக்கு நீ பாதியாக்கிச் சொன்னாய், மீதியைக் கலா உன் முகத்தில் வாசித்தாள். அப்போதும் வாளியை விடவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, வாளிச் சத்தம் தொடங்கி நடுவில் நின்றுபோனது. பழகிய சத்தம் நின்றால்தான் மனிதனுக்கு விழிப்பு வரும். வெளியே வந்து பார்த்தால், உன் மாடிக்கும் எங்கள் மாடிக்கும் நடுவே, ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி, கைப்பிடிக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு படியில் இருந்தாய். பலகை உன் கதவில் தொங்கியது. அன்று உண்மையிலேயே உன் முறை.

“கொண்டா துணியை” என்றேன்.

“என்ர கிழமை. நான்தான் செய்யோணும்.”

“அப்ப என்ர கிழமையெல்லாம் ஆர் செய்தது? அப்ப உந்தச் சட்டம் எங்க போனது?”

“அது வேற.”

“என்ன வேற? ஆரோ ஒருத்தர் குனியோணும் எண்டு சொன்னது நீ. இண்டைக்கு நான் குனியிறன். உனக்கு ஏன் நோகுது?”

நீ துணியை விடவில்லை, நானும் விடவில்லை. நரைத்த இரண்டு ஆம்பிளைகள், ஒருவன் வேட்டி, ஒருவன் பைஜாமா, ஒரு தரைத்துணியின் இரண்டு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். மேல்வீட்டுப் போலந்துக்காரன் எங்களைத் தாண்டி இறங்கிப் போனான், காலை வணக்கம் மட்டும் சொன்னான். அவன் போன பிறகு உன் பிடி தளர்ந்தது. அழுகை வந்தபோது உனக்குச் சத்தமே வரவில்லை.

“கொண்டு போனவங்களை ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை” என்றாய். “ஒரு கேள்வி இல்லை, ஒரு விசாரணை இல்லை. ஆரையாவது தண்டிக்கோணுமெல்லோ மச்சான். கைக்கு எட்டினது நான்தான்.”

நான் அதற்குச் சொன்ன பதிலைப் பின்னாளில் நீ பெரிதாகப் பேசினாய். உண்மை என்னவென்றால், அது யோசித்துச் சொன்னதல்ல. குனிந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது, குளிர், வெறும் வயிறு. எரிச்சலில் வந்தது.

“நீ அவனிட்டைப் பறிச்சனியே? அவன் தந்தவன். ‘நீ போ அண்ணை’ எண்டு வாயாலை சொல்லித் தந்தவன். நீதான் இன்னும் வாங்கேல்லை. தந்தது அவன்ர கையிலையே கிடக்கு.”

நான் கழுவத் தொடங்கினேன். பிறகு மேலே இருந்து உன் குரல் வந்தது.

“வாளித் தண்ணியை மாத்தடா. ஊத்தைத் தண்ணியிலை கழுவுறாய்.”

அந்தப் படிக்கட்டை அதைவிட மோசமாக எவரும் கழுவியிருக்க முடியாது. ஒரு மாடி முடியுமுன் என் பைஜாமா முழங்கால்வரை நனைந்தது. வாளி ஒருமுறை கவிழ்ந்து, தண்ணீர் பெக்கர் அம்மாவின் கால்துடைப்பு விரிப்பைத் தேடிக்கொண்டு போனது. அவள் கதவைத் திறந்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். உள்ளே போய் ஒரு குஷனோடு ஏறி வந்து, உன்னை எழுப்பி, குளிர்ந்த கல்லின்மேல் அதைப் போட்டு உன்னை இருத்தினாள். இறங்கும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள், கடைசிப் படி விட்டுப் போச்சு என்று.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். அடுத்த சுற்றில் உன் முறை வந்தபோது நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். ஊசி மருந்து ஏற்றி, முகமெல்லாம் மண் நிறமாகி, என் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலுக்குள் வந்தாய். பலகை கீழ்த்தளத்தில் பெக்கர் அம்மாவின் கதவில் தொங்கியது. அவளுடைய முறை போய் நாளாகிறது. அவளே இடுப்பு நோவுக்காரி, குனிந்தால் நிமிர ஒரு சுவர் வேண்டும். நீ போய் மணியை அழுத்தி, இது என் கதவில் இருக்க வேண்டியதல்லவா, உங்கள் சட்டம் என்ன ஆனது என்று கேட்டாய். சட்டம் சட்டமாகத்தான் இருக்கிறது, படி கழுவாமல் விடமாட்டேன் என்றாள். உன்னைக் கழுவச் சொல்லவும் மாட்டேன், ஆகவே என் கதவில் மாட்டிக்கொண்டேன், இதில் உனக்கு விளங்காதது என்ன என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சாத்திய கதவில் பலகை ஆடிக்கொண்டிருந்தது. அது ஆடி ஓயும்வரை நீ பார்த்துக்கொண்டு நின்றாய். எனக்குக் கை வலித்தது, உன் பாரம் முழுக்க என் தோளில். ஆனாலும் வா போவம் என்று சொல்ல மனம் வரவில்லை. முறை முறை என்று விரல் நீட்டியவளே, முறையை அழிக்காமல், அதைத் தன் கதவில் கொண்டுபோய் மாட்டியிருக்கிறாள். தவக்காலம் தவக்காலமாகச் சுவாமி சொல்லியும் என் மண்டையில் ஏறாத ஒன்று, அந்தக் கதவுக்கு முன்னால் கொஞ்சம் ஏறியது. உனக்கு எவ்வளவு ஏறியதென்று நான் கேட்கவில்லை. மாடி ஏறும்போது நீ என் தோளை வழக்கத்தைவிட அழுத்திப் பிடித்திருந்தாய்.

அந்த மாதத் தமிழ்ப் பூசை இன்னும் பிந்தியது. இம்முறை ரயில் காரணமல்ல. பீடத்துக்குப் பக்கத்துச் சக்றீஸ்து அறைக்குள் சுவாமியை இருத்தி வைத்து, உன் பாவங்களைச் சொல்லி நீ பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டிருந்தாய். றெஜினா அக்கா மூன்று தரம் கதவருகே போய் வந்தா, மெழுகுதிரி எடுக்க என்று. கதவு தடித்த கதவு, அக்கா பாவம்.

பூசையில் அந்த இடம் வந்தது. நான் ஓரக்கண்ணால் கடைசி வாங்கிலைப் பார்த்தேன். சுவாமி அப்பத்தை எடுத்தார். ‘உங்களுக்காக’ என்றார். நீ எழும்பவில்லை. முன் வாங்கிலின் விளிம்பைப் பிடித்திருந்தாய், விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. வரிசை நகரத் தொடங்கியபோது என்னைப் பார்த்தாய், நான் வந்து தோளைக் கொடுத்தேன். முன்னுக்குப் போய்க் கையை நீட்டினாய். எத்தனையோ வருட லிக்குயிட்டில் வெடித்துச் சுருங்கிய கை. நீட்டத் தெரியாமல் நீட்டினாய், பள்ளிக்கூடத்தில் அடி வாங்க நீட்டும் கை போல, கொஞ்சம் பின்னுக்கு இழுத்து. சுவாமி பொறுத்து நின்று, உன் உள்ளங்கை விரிந்த பிறகு வைத்தார்.

வாங்கிலுக்குத் திரும்பி வந்து இருந்ததும் என் காதில் மெல்லச் சொன்னாய். “மச்சான், தண்ணி வைக்கேல்லை.”

அன்று சபை முழுக்கத் தேத்தண்ணீருக்காகக் காத்து நின்றது. ரோல்ஸ் ஆறிப் போனது, ஆளுக்கொரு கதை புறப்பட்டது. நீ ஒரு கதிரையில் இருந்தாய். யாரோ ஒரு பிள்ளை கொண்டுவந்து தந்த கோப்பையை, நீங்கள் குடியுங்கோ என்று சொல்லாமல், வாங்கிக் குடித்தாய். நான் பக்கத்தில் இருந்தேன்.

“அவனுக்குக் கிடைக்க வேண்டிய நியாயத்தை நான் என்னை அடிச்சு வாங்கிக் குடுக்க ஏலாது” என்றாய். “அதை அவர் கேப்பார். ரூபனுக்காகவும் எல்லோ அவர் சிலுவையிலை கிடந்தவர். என்னிலும் பாக்க அவருக்குத்தான் அவன்ர நோ தெரியும்.”

பிறகு இருந்தது கொஞ்சக் காலம்தான். கலா கஞ்சி காய்ச்சி அனுப்பினாள், பாத்திரம் வெறுமனே திரும்பி வந்தது. கழுவியிருக்கவும் இல்லை. அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் குசினியில் நின்று அழுதாள். சந்தோசமா துக்கமா என்று நான் கேட்கவில்லை. உன் கால் வீங்கியிருந்தது. எண்ணெய் தடவட்டா என்றேன். நீ போர்வையை விலக்கி நீட்டினாய்.

உன் அடக்கத்துக்குப் பெக்கர் அம்மா கறுப்புக் கோட்டோடு வந்து, நம் பாட்டுகள் முடியும்வரை நின்றாள். ஒரு வார்த்தையும் விளங்கியிராது. கல்லறையில் எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அவள் போட்டுவிட்டு, பாதையில் சிந்தியதைச் சப்பாத்தால் ஒதுக்கிச் சரிசெய்தாள். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். அதைச் சொல்ல உன் பக்கம் திரும்பினேன் மச்சான். பெட்டியைத்தான் பார்த்தேன்.

இப்போதெல்லாம் கோயிலில் தண்ணீர் வைப்பது நான். நற்கருணை முடிந்த பிறகுதான் கேத்திலைப் போடுகிறேன். தேத்தண்ணீர் பிந்துகிறது, சனம் முணுமுணுக்கிறது. முணுமுணுக்கட்டும்.

உன் வீட்டில் இப்போது கோயம்புத்தூர்ப் பிள்ளைகள், சிந்துவும் புருஷனும், கம்ப்யூட்டர் வேலை. வந்த புதிதில் பலகை அவர்கள் கதவில் தொங்கியது. ஜெர்மன் தெரியாத பிள்ளைகள் அதை வீட்டுக்காரர் தந்த வரவேற்புப் பலகை என்று நினைத்து, உள்ளே கொண்டுபோய்ச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டார்கள். பெக்கர் அம்மா பலகையைத் தேடி வீடு வீடாக ஏறினாள். நான் போய் எட்டிப் பார்த்தால், பலகையில் சந்தனமும் குங்குமமும். உனக்குச் சொல்ல வேண்டும் என்று முதலில் மனம் துள்ளிய செய்தி அது. சொல்ல ஆளில்லாமல் அன்று முழுக்க அது எனக்குள்ளேயே கிடந்தது.

அந்தச் சிந்துதான் இன்று காலை கீழ் மாடி வளைவில் நின்றாள். கையில் வாளி, சுரிதார் நுனி ஈரம், தோளில் என் பலகை. நான் ஊன்றுகோலால் தரையைத் தட்டி, அது என்னுடைய முறை, வை அதை என்று தொடங்கினேன்.

“கலா ஆன்ட்டி சொன்னாங்க அங்கிள், ஆபரேஷன் ஆகியிருக்குன்னு” என்றாள். “நீங்க சும்மா ரெஸ்ட் எடுங்க. நாங்க பாத்துக்கறோம்.”

அதெப்படி என்று வாய்வரை வந்தது. கலாவிடம் சொல்லி இன்றைக்கே ரோல்ஸ் சுட்டு ஒரு பெரிய பாத்திரம் நிறைய மேலே அனுப்ப வேண்டும் என்று மனம் கணக்குப் போட்டது. பெரிய பாத்திரம் என்று நினைத்த இடத்தில்தான் எனக்கு உன் முகம் தெரிந்தது, மாம்பழத்தோடு கதவில் நிற்கும் முகம். உன் வியாதியை நீ என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

வாயை மூடினேன். “தாங்ஸ் பிள்ளை” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுக் குனிந்து அடுத்த படிக்குப் போனாள்.

இதை அந்தப் படியில் இருந்துதான் எழுதுகிறேன். உன் மாடிக்கும் எங்கள் மாடிக்கும் நடுவே, நீ இருந்த அதே படி. கம்பியைப் பிடித்துத் தொங்கித் தொங்கி ஏறி வந்தேன், கலா வந்து கண்டால் எனக்குப் பூசை இருக்கிறது. கல் காய்ந்துவிட்டது, வாசம் போகவில்லை. கீழே பெக்கர் அம்மாவின் கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. கடைசிப் படியைப் பற்றித்தான் இருக்கும். யாரோ என் முறையைச் செய்து முடிக்க, நான் மடங்காத காலை நீட்டிக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கிறேன். அது இவ்வளவு கஷ்டமான வேலை என்று நீ எனக்குச் சொல்லவே இல்லையே, மச்சான்.